செங்கோட்டை நிலையத்துக்கு எத்தனை வயது? ஓர் ஊர் ரயில் நிலையத்தின் வரலாற்றைத் தேடி எழுதும் முறை

செங்கோட்டைக்கு ரயில் எப்போது வந்தது என்று கேட்டால் 1904 என்று பதில் வரும். அது கொல்லம் பாதை முழுமையான ஆண்டு. செங்கோட்டையில் வண்டி வந்து நின்றது அதற்கு முந்திய ஆண்டிலேயே.

கணக்கு இப்படி. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902 ஜூன் 1 அன்று திறந்தார்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டை வரை 1903 ஆகஸ்ட் 1. மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்திலிருந்து புனலூர் வரை 1904 ஜூன் 1. நடுவில் மிச்சம் கிடந்த மலைப்பகுதி, அதாவது புனலூர்–செங்கோட்டை, 1904 நவம்பர் 26. ஆக, ஏறத்தாழ பதினாறு மாதம் செங்கோட்டை ஒரு கடைசி நிலையமாக இருந்திருக்கிறது. வண்டி வரும், இஞ்சினைத் திருப்புவார்கள், வந்த வழியே போகும்.

இந்தப் பதினாறு மாதத்தைத் தவறவிட்டால் நிலையத்தின் பாதி வரலாறு புரியாது. வழியில் உள்ள நிலையத்துக்கு ஒரு நடைமேடையும் ஒரு கிளைத் தண்டவாளமும் போதும். கடைசி நிலையத்துக்கு அது போதாது. இஞ்சினைத் திருப்ப, அதை ஏற்றிச் சுழற்றும் வட்டமேசையோ முக்கோணப் பாதையோ வேண்டும்; தண்ணீர், நிலக்கரி, சாம்பல் கொட்டும் குழி, இரவு தங்கும் டிரைவருக்கும் பயர்மேனுக்கும் அறை வேண்டும். ஊர் சிறிதாகவும் யார்டு (வண்டிகளையும் இஞ்சின்களையும் நிறுத்தும் தண்டவாளப் பரப்பு) பெரிதாகவும் இருக்கும் நிலையம் எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இது எப்போதாவது கடைசி நிலையமாக இருந்ததா?

மேற்குப் பக்கத்துக் கதை ஒன்றையும் இதே தேதிகளை வைத்துச் சரிபார்க்கலாம். கொல்லத்தில் ஓடிய முதல் இஞ்சினைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கடல் வழியே கொண்டுவந்து பூட்டினார்கள் என்று அங்கே சொல்வார்கள். கேட்டதும் கட்டுக்கதை போலத் தோன்றும். ஆனால் 1904 ஜூனில் கொல்லம்–புனலூர் துண்டு வேறு எந்தப் பாதையோடும் சேராமல் தனியாகக் கிடந்தது. மலையைத் தாண்டித் தண்டவாளம் இல்லை. கொச்சிப் பக்கமிருந்தும் கொல்லத்துக்குப் பாதை கிடையாது. தண்டவாளம் வழியாக இஞ்சின் வர வழியே இல்லை என்னும்போது, அந்தச் சொல்வழக்கில் சாரம் இருக்கிறது. வாய்மொழியை ஒதுக்குவதற்கு முன்பும் ஏற்பதற்கு முன்பும் தேதிப் பட்டியலோடு உரசிப் பார்க்க வேண்டும்.

எனவே முதல் வேலை கட்டடத்தைப் படம் எடுப்பதல்ல. ஒரு தாளில் பட்டியல் போடுவது. எந்தத் துண்டு, எங்கிருந்து எங்கே, திறந்த நாள், எந்த அகலம் (இரு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி: மீட்டர் கேஜா, அதைவிட அகலமான பிராட் கேஜா), மூடிய நாள், மீண்டும் திறந்த நாள், இந்த விவரம் எங்கே கிடைத்தது: ஏழு கட்டம். நிலையத்தைச் சேரும் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வரிசை. சரக்கு வண்டிக்குத் திறந்த நாளும் பயணிகளுக்குத் திறந்த நாளும் வேறாக இருக்கும். இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். முதல் சரக்கு வண்டி போன நாளை ஒருவரும், அரசின் ரயில் ஆய்வாளர் பார்த்து அனுமதித்த நாளை ஒருவரும், பெரியவர்கள் வந்து விழா நடத்திய நாளை ஒருவரும் ‘திறந்த நாள்’ என்று எழுதியிருப்பார்கள். மூன்றும் பொய்யல்ல. பாதை திறந்த அன்றே வழியிலுள்ள எல்லா நிலையங்களும் திறந்ததாகவும் எழுதிவிடக் கூடாது. இடை நிலையங்கள் சில பின்னால் சேர்ந்தவை. ‘நியூ ஆரியங்காவு’ என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

செங்கோட்டைக்கு அந்தப் பட்டியலை நிரப்பினால் ஒரு விஷயம் கண்ணில் படும். இந்த நிலையத்தின் தலையெழுத்தை மாற்றியவை பெரும்பாலும் செங்கோட்டையில் நடந்தவை அல்ல.

1918ல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பாதை போனது. 1931ல் அது இன்றைய திருவனந்தபுரம் நிலையம் இருக்கும் தம்பானூர் வரை நீண்டது. கொல்லமோ திருவனந்தபுரமோ, வெளியுலகத்தோடு ரயிலில் சேர வேண்டுமானால் செங்கோட்டை வழியாகத்தான் சேர வேண்டும். 1927ல் விருதுநகர்–தென்காசிப் பாதை வந்ததும் திருநெல்வேலியைச் சுற்றாமல் மதுரைக்குப் போக முடிந்தது. சென்னை எழும்பூருக்கும் கொல்லத்துக்கும் இடையே ஓடிய மெயில் வண்டி இந்த மலையைத்தான் ஏறி இறங்கியது. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாகக் கொல்லம் வரை மீட்டர் கேஜ் பாதை 1958 ஜனவரியில் முழுமையானது. அதுவரை ஐம்பத்து மூன்று ஆண்டு, தென் திருவிதாங்கூரின் ஒரே ரயில் வாசல் செங்கோட்டை. பிறகு 1976ல் எர்ணாகுளம்–திருவனந்தபுரம் பிராட் கேஜ் ஆனது. 1979ல் திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி, 1981ல் நாகர்கோவில்–திருநெல்வேலி. வாசல் வேறு பக்கம் திறந்துவிட்டது. செங்கோட்டையில் ஒரு கல்லைக்கூட யாரும் நகர்த்தவில்லை. ஆனாலும் அதன் இடம் மாறிவிட்டது. உள்ளூர் நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போட்ட பாதையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பின்பகுதி எளிது. 2004ல் விருதுநகர்ப் பக்கம் பிராட் கேஜ் செங்கோட்டையை எட்டியது. சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் வந்தது. மேற்கே புனலூருக்கு மீட்டர் கேஜ் 2010 செப்டம்பர் வரை ஓடியது. இடைப்பட்ட ஆறு ஆண்டும் ஒரே நிலையத்தில் இரண்டு அகலம். திருநெல்வேலி–தென்காசி 2012ல் மாறியது. மலைப்பகுதி 2018ல் திறந்தது.

பெயரும் எல்லையும்

ஆவணம் தேடப் போகிறவர்கள் அதிகம் வழுக்குவது பெயரில். செங்கோட்டை என்று தேடினால் பழைய கோப்பு எதுவும் வராது. ஆங்கில ஆவணத்தில் ‘ஷென்கோட்டா’ என்பதற்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டு உண்டு. கடைசியில் ‘எச்’ இருக்கும், இருக்காது. பாதைக்கு அரசு வைத்த பெயரிலும் செங்கோட்டை இல்லை. ‘டின்னவெல்லி–குயிலான் ரயில்வே’, அதாவது திருநெல்வேலி–கொல்லம், என்று தேட வேண்டும். திருநெல்வேலி என்றாலும் எந்தத் திருநெல்வேலி என்று கவனிக்கணும்: இன்றைய சந்திப்பு நிலையத்துக்கு அன்று ‘டின்னவெல்லி பிரிட்ஜ்’ என்று பெயர். விருதுநகர் அன்று விருதுபட்டி.

பழைய பெயர்கள் இன்றும் ஒரு இடத்தில் உயிரோடு இருக்கின்றன: நிலையக் குறியீட்டில். விருதுநகருக்கு ‘வி.பி.டி.’, அது விருதுபட்டி. கொல்லத்துக்கு ‘கியூ.எல்.என்.’; அது குயிலான். செங்கோட்டைக்கு ‘எஸ்.சி.டி.’. பெயர்ப் பலகையை எத்தனை முறை மாற்றினாலும் குறியீட்டை எளிதில் மாற்ற மாட்டார்கள். சரக்குக் கணக்கு, டிக்கெட் எல்லாம் அதில் ஓடுகிறது. உங்கள் ஊர் நிலையக் குறியீடு இன்றைய பெயரோடு பொருந்தவில்லையென்றால், தேட வேண்டிய பழைய பெயர் அதற்குள் இருக்கிறது.

அடுத்தது எல்லை. தென்காசி சென்னை மாகாணத்தில் இருந்தது. எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. மேற்கே ஆரியங்காவுப் பகுதி கேரளத்தில் நின்றது. 2019ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆகவே 1903ஆம் ஆண்டுச் செங்கோட்டை பற்றிய நிலக் கோப்பைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பி வந்தால், தப்பு காப்பகத்தின் மேல் இல்லை. பாதிக் கோப்பு திருவனந்தபுரத்தில், கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கும். சில மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது.

நிர்வாகமும் கை மாறியிருக்கிறது. இந்தப் பாதையை ஓட்டிய தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தலைமையிடம் திருச்சி. 1944 ஏப்ரலில் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவாகித் தலைமையிடம் சென்னைக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கோப்புகளில் கொஞ்சம் கழிந்துபோகும். தேடும்போது 1944, 1951, 1956 ஆகிய மூன்று ஆண்டுகளையும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டு, எந்தக் காலத்துக்கு எந்த இடம் என்று முதலிலேயே எழுதிவைத்தால் அலைச்சல் மிச்சம்.

எழும்பூரில் கோப்பை நேரடியாகக் கேட்க முடியாது. முதலில் அட்டவணைத் தொகுதியைப் பார்க்க வேண்டும். ரயில் விவகாரம் பொதுப்பணித் துறையின் ரயில்வே பிரிவில் இருக்கும். ஆண்டுவாரி அட்டவணையில் பாதையின் பெயரைத் தேடி, அரசாணை எண், தேதி, துறை மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் மட்டும் இருந்து துறை இல்லையென்றால் அதே எண்ணில் வேறு துறையின் சாராயக்கடை ஏலக் கோப்புகூட வந்து நிற்கும். அறிமுகக் கடிதம், அடையாளச் சான்று என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவும். பழைய தமிழ்ப் பத்திரிகைக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பத்திரிகையில் தேடும்போது திறப்பு நாளில் நின்றுவிடாமல் அடுத்த ஒரு வாரத்தையும் புரட்ட வேண்டும். தெற்கேயிருந்து செய்தி போய் அச்சேற நாளாகும்.

நாளும் அளவும்

திருவிதாங்கூர் ஆவணம் கொல்லம் ஆண்டில் பேசும். ஆவணி முதல் தேதியில் ஆண்டு பிறக்கும். கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க, ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்கு 825. எல்லாவற்றுக்கும் 825 என்று கூட்டிவிடுகிறவர்கள் பலர். அதில்தான் ஓராண்டு பிசகும். செங்கோட்டைக்கே பாருங்கள். 1903 ஆகஸ்ட் 1 என்பது கொல்லம் 1078ன் கடைசி மாதமான ஆடி. 1904 ஜூன் 1 என்பது 1079. 1904 நவம்பர் 26 என்பது 1080 கார்த்திகை. பதினாறு மாதத்தில் நடந்தவை மூன்று ஆண்டுத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கும். சமஸ்தானத்தின் ஆண்டறிக்கையைக் கேட்கும்போது மூன்றையும் கேட்க வேண்டும்.

நேரத்திலும் ஒரு சிக்கல். 1905–06ல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன் ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. அது இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பிந்தியது. 1904ஆம் ஆண்டுக் கால அட்டவணையையும் 1910ஆம் ஆண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்து ‘வண்டி ஒன்பது நிமிடம் தாமதமாக்கப்பட்டது’ என்று எழுதிவிட வேண்டாம்.

பணம்: திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய் இருபத்தெட்டரை சக்கரம். நில எடுப்புத் தொகை எந்த ரூபாயில் என்று கோப்பின் தலைப்பில் பார்க்க வேண்டும். எடை: ரயில்வே மணங்கு என்பது ஏறத்தாழ 37.3 கிலோ. நீளம்: ஒரு மைல் 80 சங்கிலி. பழைய பொறியியல் குறிப்பில் ‘52/7’ என்று இருந்தால் அது தேதியல்ல, பின்னமுமல்ல. 52ஆவது மைலில் 7ஆவது கம்பம். பின்னாளைய ஆவணத்தில் அதே முறையில் கிலோமீட்டர் வரும். மைலா கிலோமீட்டரா என்று பார்க்காமல் நிலப்படத்தில் அளந்தால் பாலம் ஆற்றை விட்டுவிட்டு மலை மேல் ஏறி நிற்கும்.

தண்டவாளத்தைப் படிப்பது

காகிதம் இல்லாத இடத்தில் இரும்பு பேசும். ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்து கேட்க வேண்டும்.

தண்டவாளத்தின் பக்கவாட்டில், தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள மெல்லிய பகுதியில், புடைத்த எழுத்து இருக்கும்: ஆலையின் பெயர், எடை, ஆலையில் உருட்டிய (தயாரித்த) மாதம், ஆண்டு, சில வேளை வாங்கிய ரயில்வேயின் முதலெழுத்துகள். பழைய எடை கெஜத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. மீட்டர் கேஜில் 41¼, 50, 60 என்று கிடைக்கும். இன்றைய பிராட் கேஜ் தண்டவாளம் மீட்டருக்கு 52 அல்லது 60 கிலோ. துரு மூடியிருந்தால் காய்ந்த நார்த்தூரிகையால் தேய்த்துவிட்டு, சாக்பீஸைப் படுக்க வைத்து மேலே இழுத்தால் எழுத்து மட்டும் வெள்ளையாகும். டார்ச்சை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். தண்ணீர், எண்ணெய், கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை: உருட்டிய ஆண்டைப் பாதை போட்ட ஆண்டாக எடுத்துக்கொள்வது. தண்டவாளம் ஓர் இடத்தில் பிறந்து பல இடத்தில் வாழும். முக்கியப் பாதையில் தேய்ந்தால் கிளைப் பாதைக்குப் போகும், அங்கிருந்து யார்டுக்கு, அங்கும் முடியாதபோது வெட்டி நடைமேடைக் கூரைக்குத் தூணாக, வேலிக் கம்பமாக, கேட்டுக் காலாக நடுவார்கள். 1890களில் உருட்டிய தண்டவாளம் ஒரு நிலைய வேலியில் இருந்தால் அந்த நிலையம் 1890களைச் சேர்ந்தது என்று ஆகாது. அது சொல்வது ஒன்றுதான்: இந்த வேலி அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல. ஒரே தூண் வரிசையில் பத்தையாவது படித்து, அதில் கிடைக்கும் ஆகப் பிந்திய ஆண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கூரை அதற்குப் பிறகுதான் போட்டிருக்க முடியும்.

இதே விதி ஓட்டுக்கும் பொருந்தும். பழைய குடியிருப்பு, கேபின், கிடங்கு ஆகியவற்றின் மங்களூர் ஓட்டின் உட்பக்கம் ஆலை முத்திரை இருக்கும். பாசல் மிஷன் (ஓட்டு ஆலைகள் நடத்திய கிறித்தவ அமைப்பு) முத்திரையென்றால் முதல் உலகப் போர்க்காலம் வரையிலானது. போரில் அந்த ஆலைகள் மிஷன் கையைவிட்டுப் போய், பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் நடத்தியது. ஆனால் ஓட்டைக் குரங்கு உடைக்கும், மாற்றுவார்கள். நாலு ஓடு வேறாக இருந்தால் அது பழுதுபார்த்த கணக்கு; பெரும்பான்மை எது என்று எண்ண வேண்டும். தண்டவாளத்தை அடியில் தாங்கும் வார்ப்பிரும்புச் சிலிப்பரிலும் ஆலைப் பெயரும் ஆண்டும் இருக்கும். பழைய யார்டு ஓரத்தில் குவித்திருந்தால் பார்க்கலாம்.

நடைமேடை தனிக் கதை. மீட்டர் கேஜ் காலத்தில் அது தாழ்வானது. பிராட் கேஜின் உயர் நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை. அகலம் மாற்றும்போது நடைமேடையை உயர்த்துவார்கள். கட்டடத்தை உயர்த்த முடியாது. அதனால்தான் பல ஊர்களில் பழைய கட்டடம் அமிழ்ந்துபோனது போல இருக்கும்: முன்பு மூன்று படி ஏறி நுழைந்த வாசலுக்கு இப்போது படியே இருக்காது, அல்லது கீழே இறங்க வேண்டியிருக்கும். ஊர்ப்பக்கத்து வாசலின் படிகளை எண்ணி, நடைமேடைப் பக்கத்து வாசலோடு ஒப்பிட்டால் எவ்வளவு மண் கொட்டினார்கள் என்று தெரிந்துவிடும்.

நடைமேடைச் சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்துக்கொண்டே போனால் கருங்கல், செங்கல், கான்கிரீட் என்று மாறும் இடங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு நீட்டிப்பு. அந்த இடங்கள் வரை நாடாவால் அளக்கவும். மீட்டர் கேஜ் பெட்டி ஏறத்தாழ 20 மீட்டர். பழைய வகை பிராட் கேஜ் பெட்டி ஏறத்தாழ 22 மீட்டர். கருங்கல் பகுதி 160 மீட்டர் என்றால் எட்டுப் பெட்டி வண்டிக்குக் கட்டியது. இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் குழாய்த் தூண் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இஞ்சின் நின்ற இடமும் கிடைக்கும். அங்கிருந்து பின்னோக்கி அளந்தால் வண்டியின் நீளம். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் தூணை இடம் மாற்றியிருப்பார்கள்.

மலையடி நிலையத்தில் இன்னொன்றும் கவனிக்கணும். செங்கோட்டை–புனலூர் சுமார் 49 கிலோமீட்டர். மலையில் ஏற்றம் 37க்கு 1 வரை, அதாவது 37 அடி போனால் 1 அடி உயரும் அளவுக்குப் போகும். ஐந்து சுரங்கம், கழுதுருட்டியில் பதின்மூன்று வளைவுக் கல்பாலம். இப்படிப்பட்ட ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள ஓர் இஞ்சின் சேர்ப்பார்கள். தள்ளும் இஞ்சின் காத்திருக்கக் குட்டித் தண்டவாளம் வேண்டும். பிரேக் விட்டுப்போன வண்டி நிலையத்துக்குள் பாயாமல் இருக்க மேடேறி முடியும் பாதுகாப்புத் தண்டவாளம் வேண்டும். எங்கும் போகாமல் புதரில் முடியும் தண்டவாளத்தைப் பார்த்ததும் ‘கைவிட்ட பாதைத் திட்டம்’ என்று எழுதியவர்கள் உண்டு. முதலில் அது மேடேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அனுமதி பற்றி ஒரு சொல். நடைமேடைச் சீட்டு நடைமேடைக்குத்தான். தண்டவாளத்தில் இறங்கினால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யார்டுக்குள் போக வேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக் கேட்டு, அவர் அனுப்பும் ஆளோடு போக வேண்டும். சுரங்கத்துக்குள் நடப்பது எந்த ஆய்வுக்கும் தேவையில்லை.

டிக்கெட், பேச்சு, மனு

அட்டை டிக்கெட் கிடைத்தால் விடக் கூடாது. சுமார் 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். தேதி முத்திரை மங்கியிருந்தாலும் கட்டணம் காலத்தைச் சொல்லிவிடும். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘நயா பைசா’ என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவில். வெறும் பைசாவும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்திருந்தால் 1964க்குப் பிந்தியது, 1974க்கு முந்தியது; அந்த ஆண்டில் மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். மைலில் தூரம் போட்டிருந்தால் இன்னொரு பிடி. இருபுறமும் படமெடுக்கவும்; பின்பக்க எண்ணும் எழுத்தும் பிறகு உதவும்.

ஓய்வுபெற்ற கேங்மேன், கீமேன் (தண்டவாளத்தைப் பராமரிப்பவர்கள்), பாயிண்ட்ஸ்மேன் (வண்டியைத் தடம் மாற்றிவிடுபவர்), போர்ட்டர் ஆகியோரிடம் ஆண்டு கேட்கக் கூடாது. ‘அண்ணாச்சி, அது எந்த வருசம்?’ என்று கேட்டால் மரியாதைக்காக ஒரு வருசம் சொல்லுவார்கள். அது நம் கட்டுரையில் உண்மையாகிவிடும். பொருளையும் நிகழ்ச்சியையும் வைத்துக் கேட்க வேண்டும். தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு, அதாவது 1964 டிசம்பருக்கு, முன்பா பின்பா? 1974 மே வேலைநிறுத்தத்தின்போது அவர் வேலையில் இருந்தாரா? கரி இஞ்சின் இருந்ததா, டீசல் வந்துவிட்டதா? கைகாட்டி மரத்தை இழுக்கும் லீவர் எங்கே இருந்தது? ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்து யார்டை வரையச் சொன்னால் பேச்சில் வராதது கையில் வரும். எந்தத் தண்டவாளத்துக்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை அப்படியே அவர்கள் வாய்ச்சொல்லில் எழுதிக்கொள்ளவும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை மடித்த துண்டின் மேல் வைத்துப் பதியவும். முக்கால் மணிக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம். இரண்டாம் முறை போகும்போதுதான் நல்ல விஷயம் வரும்.

ஊர் நினைவு இடத்தையும் மாற்றும். வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர் என்பதால், கலெக்டர் ஆஷ் கொலையைச் செங்கோட்டை நிலையத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுவதைக் கேட்கலாம். அது நடந்தது 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில். கொழும்புக்குக் கப்பல் அன்று தூத்துக்குடியிலிருந்து போனது; கப்பலோடு சேரும் மெயில் வண்டியும் அங்கேதான். பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வந்தது 1914ல்தான். தூத்துக்குடிப் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் சேரும் இடம் மணியாச்சி. ஆஷ் போன பெட்டி அங்கே இணைப்பு வண்டிக்காக நின்றுகொண்டிருந்தது ஏன் என்று இதை வைத்துத்தான் விளங்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மதுரைக் கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். ‘எங்கள் ஊர் நிலைய வரலாற்றைத் தரவும்’ என்று எழுதினால் ‘அப்படியொரு ஆவணம் இல்லை’ என்று பதில் வரும். அது சரியான பதிலும்கூட. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: நிலைய நிலப்படம், அகலம் மாற்றுவதற்கு முந்திய யார்டு வரைபடம், பாதையைத் திறக்க ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கொடுத்த அனுமதிக் கடிதம். ஒரு மனுவில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘ஏன்’ என்று கேள்வி கேட்டால் பதில் வராது. அது தகவல் அல்ல, கருத்து என்று தள்ளிவிடுவார்கள்.

எழுதும்போது தேதி மோதினால் இரண்டையும் போட வேண்டும், எது எதன் தேதி என்று சொல்லி. ‘1903 ஆகஸ்ட் 1: திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செங்கோட்டை வரை. 1904 நவம்பர் 26: செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை’ என்று இரண்டு வரி. சராசரி எடுக்கவோ, விழாவுக்கு வசதியான ஆண்டைத் தேர்ந்தெடுக்கவோ கூடாது. கல்லிடைக்குறிச்சியில் பாதை ஓராண்டு நின்றதற்கு அதற்கு அப்புறம் வரும் தாமிரபரணிப் பாலம் காரணமாக இருக்கலாம் என்று நிலப்படத்தைப் பார்த்தால் தோன்றும். கோப்பு கையில் வரும்வரை அதைத் தேட வேண்டிய கேள்வியாகக் குறிப்பேட்டில் வைக்க வேண்டும்; கட்டுரையில் ஏற்றிவிட்டால் அடுத்த ஆள் அதையே ஆதாரமாகக் காட்டுவார்.

படங்களின் கோப்புப் பெயரில் நாள், இடம், எந்தத் திசை பார்த்து எடுத்தது என மூன்றும் இருக்கட்டும்: ‘2018-06-செங்கோட்டை-மேற்குநோக்கி’ என்பது போல. திசை இல்லாத நடைமேடைப் படம் பத்து ஆண்டு கழித்து எந்தக் கோடி என்று எடுத்தவருக்கே தெரியாது. அட்டை டிக்கெட், கையால் வரைந்த யார்டுப் படம், ஒலிப்பதிவு மூன்றுக்கும் இரண்டு படி எடுத்து, ஒன்றை ஊர் நூலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கவும். நடைமேடையை அடுத்த முறை உயர்த்துவதற்கு முன் படிகளை எண்ணி முடித்துவிட வேண்டும்.